முத்திரையும் ஒரு புள்ளியும்

கல்லூரியிற் பயிலும் மாணவர் பலர் முத்திரை சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அழகிய படங்களைக் கண்டு மகிழ்வதோடு அவர் முயற்சி நின்றுவிடுகின்றது. ஒரே படமும் ஒரே விலையும் உடைய இரண்டு முத்திரைகள் வெவ்வேறு காலத்தில் அச்சிடப்பட்டனவாக இருத்தல் கூடும். அவற்றை வேறுபிரித்தறியும் முறையை ஈண்டு ஒருவாறு எடுத்துக்காட்ட முயல்வோம்.

சிறப்பு நிகழ்ச்சிகளை முன்னிட்டு வெளியாகும் முத்திரைகள் வேறு; நாளாந்தப் பாவனைக்கெனப் பல ஆண்டுகள் விற்பனையாகும் முத்திரைகள் வேறு. பின்னவை இருப்புத் தீருந்தோறும் மீண்டும் மீண்டும் அச்சேறுவன. அச்சகம், தாள், துளையிடும் பொறி ஆகியவற்றுள் ஒன்று மாறினும் அம்மாற்றம் முத்திரையிற் சுவடு விட்டுச் செல்லும்.

முதற்கண் நோக்கத்தக்கது நீர்க்குறி. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்பிரல் 1 ஆந் திகதி வெளியான ஆறு பென்ஸ் முத்திரையாகும். விக்டோரியா மகாராணியின் தலையுருவந் தாங்கிய அதனை இலண்டனிலிருந்த பேர்க்கின்ஸ் பேக்கன் அச்சகத்தார் அச்சிட்டனர். அதன் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விண்மீன் வடிவம் தோன்றும். பின்னர் வந்த முத்திரைகளில் விண்மீனுக்குப் பதிலாக முடியும் ஆங்கில எழுத்துக்களும் இடம்பெற்றன.

இரண்டாவது துளை வரிசை. இரண்டு சென்ரிமீற்றர் நீளத்துள் எத்தனை துளைகள் அடங்குகின்றன என்பதே அதன் அளவு. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து இரண்டு சத முத்திரையில் இரப்பர் மரத்தில் பால் வெட்டுங் காட்சி உண்டு. 1938 இல் வெளியானவற்றுள் 13½ அளவுத் துளையுடையனவும் உள. 1949 இல் வெளியானது 12 அளவுத் துளையுடையது. படம் ஒன்றே, காலம் வேறு.

மூன்றாவது எழுத்தும் கோடும். தமிழாசிரியராகிய நமக்கு இதுவே மிக உவப்பானது. 1951 இல் தொடங்கிய நாளாந்த முத்திரைத் தொடரில் வெசாக் ஓர்க்கிட் மலர் பொறித்த 35 சத முத்திரை 1952 இல் வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்தொன்றின் தலைமேல் இருக்கவேண்டிய புள்ளி விடுபட்டிருந்தது. 1954 இல் அப்புள்ளி சேர்க்கப்பட்டு முத்திரை மீண்டும் வெளியாயிற்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஏடு கிழியுமென்றஞ்சி ஓலையில் எழுதியோர் புள்ளியை விடுத்தனர். தாளில் அச்சிடுவோர்க்கு அவ்வச்சம் இல்லை. விடுபட்ட அப்புள்ளியே இன்று முந்திய அச்சீட்டையும் பிந்திய அச்சீட்டையும் பிரித்துக் காட்டுகின்றது.

இதன் பயனை நாம் வகுப்பறையிற் கண்டோம். மருதமுனையிலிருந்து வரும் மாணவர் ஒருவர் பழைய கடித உறையொன்றைக் கொணர்ந்தார். கைத்தறிப் புடைவை வியாபாரத்தின் பொருட்டுக் கொழும்பு சென்றிருந்த அவருடைய பாட்டனார், தமக்குத் தலைமகள் பிறந்த செய்தியறிந்து, கணக்குத் தாள்களோடு அனுப்பிய கடிதம் அதனுள் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி வந்த கடற்பேரலையில் நனைந்து, கடிதத்தின் திகதியும் உறையின்மேலிருந்த நாட்குறியும் அழிந்துபோயின. “சேர், மாமி 1953 இல் பிறந்தவ என்றுதான் வீட்டில் சொல்றாங்க. இந்த முத்திரையை நீரில் ஊறவைத்துக் கழற்றட்டுமா?” என்று அவர் வினவினார்.

கழற்றவேண்டாமென்று தடுத்து, உருப்பெருக்குங் கண்ணாடியை அவர் கையிற் கொடுத்தோம். முத்திரை 35 சதம்; மலர் வெசாக் ஓர்க்கிட். சற்று நேரம் நோக்கியபின், “புள்ளி இருக்கிறது, சேர்” என்றார். ஆகவே அக்கடிதம் 1954 இற்கு முன்னர் அனுப்பப்பட்டிருத்தல் இயலாது. மறுநாள் அவர் வந்து, தம் வயதில் ஓராண்டாயினும் குறைந்ததென்று மாமி பெருமகிழ்ச்சி அடைந்தாரென்றும், மூத்தவாப்பாவின் கடிதத்தை அனைவரும் கூடியிருந்து மீண்டும் வாசித்தனரென்றும் கூறினார்.

ஈண்டு மாணவர் ஓர் எல்லையை மறத்தலாகாது. கடிதம் 1954 இலேயே எழுதப்பட்டதென்று நாம் கூறினோமல்லோம். வாங்கிய முத்திரையைச் சில ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்து ஒட்டுவோரும் உளர். எந்த ஆண்டிற்கு முந்தியதன்று என்பதை முத்திரை உரைக்கும். எந்த நாளிற்கு முன்னர் அச்சானது என்பதை நாட்குறி உரைக்கும். இரண்டும் ஒருங்கே கிடைப்பின் காலம் இரு கரைக்குள் அடங்கும். உறையிலிருந்து முத்திரையைப் பிரித்தெடுப்பவர் ஒரு கரையை உடைத்தவராவர்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லத்துப் பெட்டகங்களிற் பழைய கடிதங்கள் இருக்கக்கூடும். அவற்றை எரித்துவிடாது, உறையோடும் முத்திரையோடும் உலர்ந்த இடத்திற் பேணி, வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஓர் உருப்பெருக்குங் கண்ணாடியையுங் கொடுப்பாராக. பிழையற எழுதும் பழக்கத்தின் அருமையை ஒரு புள்ளியின் வாயிலாக அவர்கள் அறிந்துகொள்வார்கள்.