கொடுப்பவர் வேறு, தேர்பவர் வேறு: ஜெர்மானியக் கல்வி அறக்கட்டளையின் ஆட்சிமுறை

மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது, எவ்வளவு தொகை, எத்தனை பேருக்கு என்னும் இரண்டு வினாக்களோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். மூன்றாவது வினா ஒன்று உண்டு. பெறுவோர் யார் என முடிவு செய்பவர் யார்? பொருள் தந்தவரே அதனையும் முடிவு செய்யலாமா? இவ்வினாவை ஆராய விரும்புவோர்க்கு ஜெர்மனி நாட்டின் தேசியக் கல்வி அறக்கட்டளையைப் போன்ற நல்ல பாடம் அரிது.

அந்நாட்டார் சுருக்கமாக 'ஸ்டூடியன்ஸ்டிப்டுங்' என வழங்கும் இவ்வமைப்பின் முழுப்பெயர், ஜெர்மன் மக்களின் கல்வி அறக்கட்டளை எனப் பொருள்படும். இது 1925ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரில் தோன்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1923இல், ஜெர்மனியின் நாணயம் அடியோடு மதிப்பிழந்திருந்தது. வாழ்நாளெல்லாம் சேர்த்த சேமிப்பு ஒரு ரொட்டி வாங்கவும் போதவில்லை. பல்கலைக்கழக மாணவர் பலர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்துக்கொண்டே படித்தனர். அவர்களுக்காக மலிவு விலை உணவுச்சாலை முதலியவற்றை நடத்திவந்த மாணவர் பொருளாதார உதவிச் சங்கமே, ஆற்றல் இருந்தும் வசதியற்ற இளைஞர்க்கென இவ்வறக்கட்டளையைத் தன்னுள் ஒரு பிரிவாகத் தோற்றுவித்தது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத மாணவர் விலக்கப்பட்டனர். கல்வித் தகுதி இருந்த இடத்தில் அரசியல் விசுவாசம் அளவுகோலாக அமர்ந்தது. 1934இல் அறக்கட்டளையே கலைக்கப்பட்டது. உதவித்தொகைப் பணி ஆட்சியாளரின் மாணவர் நல அமைப்புக்குள் அடக்கப்பட்டது. மாணவர்க்கு உதவுதல் நின்றுவிடவில்லை என்பதை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். பணம் தொடர்ந்து வழங்கப்பட்டது. தேர்வு செய்யும் கைதான் மாறியது. இத்தகைய நிறுவனத்தின் உயிர்நிலை நிதியில் இல்லை, தேர்வில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

போர் முடிந்து 1948இல் கொலோன் நகரில் அறக்கட்டளை மீண்டும் நிறுவப்பட்டது. இன்று அதன் தலைமையகம் பான் நகரில் உள்ளது. பெயரில் அறக்கட்டளை எனினும், சட்டப்படி இது அறக்கட்டளையன்று; பதிவு பெற்ற சங்கம். இவ்வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. அறக்கட்டளையாயின், சொத்தை எழுதிவைத்த நிறுவனர் ஒருவர் இருப்பார். அவர் விருப்பம் ஆவணத்தில் நிலைத்திருக்கும். பெரும்பாலும் அவர் வழியினர் செல்வாக்கும் நீடிக்கும். சங்கத்திற்கோ உறுப்பினர் உண்டு, பொதுக்குழு உண்டு, கணக்குக் காட்டும் கடமை உண்டு. 'இது எங்கள் பாட்டனார் வைத்த தருமம்' என்று உரிமை கோர அங்கு யாரும் இல்லை.

ஆட்சியமைப்பு மூன்று அடுக்குகளாலானது. பொதுக்குழு அடித்தளம். அதன்மேல் மேற்பார்வைக் குழு. நாள்தோறும் நிகழும் பணிக்கு வழிகாட்டுவது நிர்வாகக் குழு. அதன் தலைவர் ஊதியம் பெறாத மதிப்புறு தலைவர். அலுவலகத்தை முழுநேரம் நடத்துபவர் பொதுச்செயலாளர். நாட்டின் குடியரசுத் தலைவர் இதன் புரவலர் எனினும் அது பெருமை தரும் பதவியே. உண்மையில் கவனிக்கத்தக்கது மேற்பார்வைக் குழுதான். கூட்டாட்சி அரசு, மாநிலங்கள், நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் சார்பாளரோடு, உதவித்தொகை பெறும் மாணவர்களின் பிரதிநிதிகளும் அதில் அமர்கின்றனர். பெறுபவன் கொடுப்பவனோடு ஒரே மேசையில் அமர்ந்து கருத்துரைப்பது நம் நாட்டில் பலருக்கு வியப்பாகத் தோன்றலாம்.

செலவின் மிகப் பெரும் பங்கை நல்குவது கூட்டாட்சி அரசின் அமைச்சகம் ஒன்று. மாநிலங்களும் நகராட்சிகளும் மாவட்டங்களும் ஒரு பங்கு தருகின்றன. தொழில் துறையினரும் தனியாரும் நன்கொடை வழங்குகின்றனர். இவ்வளவு தரும் அமைச்சகத்திற்கு அதிகாரம் இல்லாமலா இருக்கும்? உண்டு. மாணவர்க்கு என்ன தொகை, பெற்றோர் வருமானத்தை எவ்வாறு கணக்கிடுவது, எத்தனை காலம் வழங்குவது என்பவற்றை அமைச்சகத்தின் விதிமுறைகளே வரையறுக்கின்றன. ஆனால் எந்த மாணவர் என்னும் வினாவின் வாயிலில் அவ்வதிகாரம் நின்றுவிடுகிறது. அளவு அரசினுடையது, ஆள் அறக்கட்டளையினுடையது. இவ்வமைப்பின் சாரம் முழுவதும் இதில் அடங்கும்.

தொகையிலும் ஒரு நுட்பம் உண்டு. வாழ்க்கைச் செலவுக்கான பகுதி பெற்றோர் வருமானத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அதன்மேல் படிப்புச் செலவுக்கென ஒரு தொகை, செல்வர் மகனாயினும் வறியவர் மகளாயினும், வேறுபாடின்றி வழங்கப்படும். 2014இல் இது மாதம் 300 யூரோவாக உயர்த்தப்பட்டது. எதையும் திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை.

தேர்வு நடைபெறும் விதத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். பள்ளித் தலைமையாசிரியரோ பல்கலைக்கழகமோ மாணவரைப் பரிந்துரைக்க வேண்டும் என்பது நெடுங்கால மரபு. பரிந்துரைக்கப்பட்டோர் ஒரு வார இறுதியில் ஓரிடத்தில் கூடுவர். ஒவ்வொருவரையும் இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியே நேர்காணுவர். பின்னர் மாணவர் சிறு குழுவாக அமர்ந்து, ஒவ்வொருவராகச் சிற்றுரை ஆற்றி, அதன்மேல் கலந்துரையாடலை நடத்துவர்; மற்றொரு தேர்வாளர் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பார். இறுதியில் தேர்வுக்குழு கூடி முடிவு செய்யும். தேர்வாளர் யாவரும் ஊதியமின்றி வருபவர்கள். பேராசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் எனப் பல துறையினர். முன்பு இதே உதவித்தொகையால் படித்தவர் பலரும் அவர்களுள் உளர். தனியொருவர் விருப்பு வெறுப்பால் ஒரு மாணவன் உயரவும் முடியாது, வீழவும் முடியாது.

தேர்ந்தபின் மாணவரைத் தனியே விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் 'நம்பிக்கைக்குரிய ஆசிரியர்' எனப் பொருள்படும் பெயருடைய பேராசிரியர் சிலர் உளர். தம் பொறுப்பிலுள்ள மாணவர் குழுவைப் பருவந்தோறும் கூட்டிப் பேசுவர்; சிலர் தம் இல்லத்திற்கே அழைத்து விருந்தளிப்பர். விடுமுறைக் காலத்தில் பயிலரங்குகள் நடைபெறும். மருத்துவம் பயில்பவர் தத்துவம் கேட்பதும், இசை பயில்பவர் கணிதம் கேட்பதும் அங்குதான். பணத்தைவிட இதுவே பெரிது என்பது என் கருத்து.

பெறுபவரிடம் அரசியல் உறுதிமொழி எதுவும் கேட்கப்படுவதில்லை. அதற்கு விலையும் உண்டு. 1970இல் உருவான ஆயுதக் குழுவின் முன்னணியில் நின்ற உல்ரிக்கே மைன்ஹோப், தம் மாணவப் பருவத்தில் இவ்வறக்கட்டளையின் உதவி பெற்றவர். 1933இன் அனுபவத்திற்குப் பின், இத்தகைய இடருக்கு அஞ்சி விசுவாசச் சோதனையை மீண்டும் புகுத்துவதைவிட, இடரை ஏற்பதே மேல் எனக் கொள்வதில் நியாயம் உண்டு.

குறையில்லா அமைப்பு என இதனைப் போற்றுதல் பொருந்தாது. அரசின் திறனாளர் உதவித்தொகை பெறுவோரைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் பெரும்பாலோர் பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகளே எனக் காட்டியது. வறியோர்க்கெனப் பிறந்த அறம் படித்தோர் வீட்டுக்கே மிகுதியும் சென்று சேர்ந்திருக்கிறது! நன்கு பேசும் பிள்ளையைத் தகுதியுடைய பிள்ளை எனக் கருதுதல் கற்றோர்க்கு எளிதில் நேரும் மயக்கம். நம்மவரும் இதற்கு விலக்கல்லர். எவர் பரிந்துரையுமின்றி மாணவர் தாமே முன்வந்து எழுதக்கூடிய நுழைவுத் தேர்வு 2010இல் தொடங்கப்பட்டது. தலைமையாசிரியர் கண்ணில் படாத மாணவர்க்கு அது ஒரு வாயில்.

இன்று இவ்வறக்கட்டளை சுமார் 15,000 மாணவரைத் தாங்குகிறது. ஆயினும் அந்நாட்டு அரசு தன் நிதி முழுவதையும் இதனிடமே ஒப்படைக்கவில்லை. கட்சிச் சார்புடையவை, கத்தோலிக்கர், சீர்திருத்தத் திருச்சபையினர், தொழிற்சங்கத்தார், தொழிலதிபர் ஆகியோர் சார்புடையவை என மொத்தம் பதின்மூன்று அமைப்புகள் அதே அமைச்சகத்தின் நிதியைப் பெற்று, தத்தம் குழுக்களால் மாணவரைத் தேர்கின்றன. சிறுபான்மைச் சமயத்தார்க்கும் அவ்வரிசையில் இடம் கிடைத்தது. முஸ்லிம் மாணவர்க்கான அவிசென்னா நிறுவனம் 2012இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன், 2009ஆம் ஆண்டிலேயே, யூத மாணவர்க்கான எர்ன்ஸ்ட் லுட்விக் ஏர்லிக் நிறுவனம் தோன்றி, 1933இல் யூத மாணவர்க்கு மறுக்கப்பட்ட உதவியை, தானே தேர்ந்தெடுத்த மாணவர்க்கு அரசு நிதியிலிருந்து வழங்கி வருகிறது.