படச்சுருளின் மேலுறையும் பிறப்பும்

எண்ணூர் நெடுஞ்சாலை வழியே துறைமுகம் நோக்கிச் செல்லும் சரக்குப் பெட்டகங்களை நம்மில் யாவரும் கண்டிருப்போம். அவற்றின்மேல் பெரிதாக எழுதப்பட்டிருப்பது கப்பற் கம்பெனியின் பெயரேயன்றி, உள்ளிருக்கும் பண்டத்தைச் செய்தவர் பெயரன்று. மலிவாகக் கிடைக்கும் காமிராப் படச்சுருளின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

படச்சுருள் செய்தலில் அரிய தொழில் ஒன்றும் எளிய தொழில் ஒன்றும் உண்டு. வெள்ளி உப்புக்களை ஜெலட்டினிற் கலந்து, தூசி புகாத இருட்டறையில், அகன்ற நெகிழ்தகட்டின்மீது மெல்லிய படலங்களாகப் பூசுதல் அரியது. அங்ஙனம் பூசிய பெருஞ்சுருளை 35 மில்லிமீட்டர் அகலத்திற்கு வெட்டித் துளையிட்டுச் சிமிழிலடைத்தல் எளியது. பூசுவோர் உலகில் மிகச் சிலரே. வெட்டிப் பொதிவோர் பலர். ஆதலின் ஒரே ஆலையிற் பிறந்த சுருள், பல பெயர்களோடு பல நிறப் பெட்டிகளில் பல விலைக்கு விற்கப்படுவதுண்டு. ஏசாவின் உடையுடுத்து வந்த யாக்கோபைத் தடவிப் பார்த்து மயங்கிய ஈசாக்கின் நிலையே வாங்குவோர்க்கும் நேர்கிறது.

ஆயினும் பெட்டி மறைப்பதைச் சுருளின் ஓரம் பல சமயம் வெளியிட்டுவிடும். கழுவிய நெகட்டிவ்வை ஒளிக்கெதிரே பிடித்தால், துளைகளின் அருகே ஒளியாற் பதித்த எழுத்துக்களும் கோடுகளும் தோன்றும். அங்கே 'ஈஸ்ட்மன்' என்று காணின், அது பெரும்பாலும் சினிமாச் சுருளின் துண்டாகும். இதில் இயல்பாக வஞ்சனை ஒன்றுமில்லை. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவே சினிமாச் சுருளைப் பயன்படுத்த எழுந்ததன்றோ? சொல்லாமல் விற்பதே குற்றம். ஏனெனில் கோடக் கம்பெனியின் நிறச் சினிமா நெகட்டிவ்வின் பின்புறத்தில் நெடுங்காலம் கரிப்பூச்சு இருந்து வந்தது. அறியாது சாதாரணக் கடையிற் கழுவக் கொடுத்தால், அக்கரி மருந்துநீரிற் கரைந்து பிறர் படங்களையும் கெடுக்கும்.

பூசுதலாகிய அவ்வரிய தொழில் நம் நாட்டிலும் நடந்தது. 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசாங்கக் கம்பெனி, பிரெஞ்சு நாட்டுப் பௌஷே கம்பெனியின் துணைகொண்டு, உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. குளிர்ச்சியும் தூசியற்ற காற்றும் பற்றியே மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் இராயபுரத்துப் புழுக்கமும் உப்புக்காற்றும் இதற்கு ஆகா. 'இந்து' என்ற பெயரோடு கறுப்பு வெள்ளைச் சுருளும், மருத்துவமனைகளுக்குரிய எக்ஸ்ரே படலமும் அங்கிருந்து வந்தன. இந்து என்பதற்குத் திங்கள் என்பது பொருள். வெள்ளியால் இயலும் பொருளுக்கு நல்ல பெயர்தான். அயற்போட்டியாலும் கடன் சுமையாலும் நலிந்த அவ்வாலை இப்போது இயங்கவில்லை. எனினும் அதன் சுருளில் எடுத்த படங்கள் பல இல்லங்களில் இன்னும் இருத்தல் கூடும். பழைய நெகட்டிவ் கிடைப்பின், உறையை ஒருபுறம் வைத்து ஓரத்தைப் படித்துப் பார்க்க.