சுண்ணாம்பும் சுர்க்கியும் தாங்கும் அணை

கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அதன் உட்பகுதி சிமெண்டுக் கான்கிரீட் அன்று. சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்), மணல், ஜல்லி சேர்ந்த கலவை. இந்தியாவில் அன்று சிமெண்டு ஆலை இல்லை. கப்பலில் வரவழைத்து, காட்டு மலைமேலும் ஏற்றவேண்டும்.

விலை மட்டுமா காரணம்? அணையின் உயரம் 176 அடி, சுமார் 54 மீட்டர். கனமீட்டருக்கு 2.3 டன் எனக் கொண்டால், அடியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோகிராம் சுமைதான்! நீரின் தள்ளுவிசையை எதிர்ப்பது அணையின் எடையே. ஆகவே மிக வலிய பொருள் தேவையில்லை. கனமான, மலிவான பொருள் போதும்.

ஆனால் வெறும் சுண்ணாம்பு உதவாது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை ஏற்றே இறுகும். தடித்த சுவருக்குள் காற்று ஏது? செங்கல் தூளிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் ஈரத்திலேயே சுண்ணாம்புடன் கூடி இறுகுகின்றன. சுர்க்கியின் சிறப்பு இதுவே.

குறையும் உண்டு. கசியும் நீர் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். கலவை இழுவிசையையும் தாங்காது. 1979-க்குப் பின் அணையைப் பலப்படுத்தியபோது, இழுவிசையைத் தாங்க எஃகுக் கம்பிவடங்களை அடிப்பாறை வரை இறக்கினார்கள். எடையைக் கூட்டப் பின்புறம் சிமெண்டுக் கான்கிரீட் சேர்த்தார்கள்.