பள்ளிக்கு நடந்தும் சைக்கிளிலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

குழந்தைகள் தனித்தனியாக இல்லாமல் கூட்டமாகச் சேர்ந்து, பெரியவர்கள் துணையோடு, முன்கூட்டியே முடிவு செய்த வழியில் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் ஏற்பாடு இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. டென்மார்க்கின் ஓடென்சே நகரம் 1970-களிலேயே பள்ளிக்குப் போகும் வழிகளை ஆராய்ந்து சீர்செய்யத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் 1990-களில் ‘நடைப் பேருந்து’ என்ற யோசனையை முன்வைத்தார். இதில் வண்டி கிடையாது. குறித்த நேரத்தில் குறித்த இடங்களில் நின்று, காத்திருக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் நடந்து போகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 2000-ல் தொடங்கிய சோதனை முயற்சி, 2005-ல் 61.2 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு நாடு தழுவிய அரசுத் திட்டமாக வளர்ந்தது.

இத்தகைய திட்டத்தைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேச்செடுத்தால் எழும் மறுப்புகள் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிலவற்றில் நியாயமான கவலை இருக்கிறது. சிலவற்றில் கணக்கே தவறாக இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் திட்டம் காலூன்றும்.

நம்பிக்கை 1: இந்தக் காலத்தில் யார் நடந்து போகிறார்கள்?

உண்மை: இந்தியாவில் பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் நடந்துதான் போகிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-18-ல் நடத்திய 75-ஆவது சுற்றுக் கணக்கெடுப்பின்படி, மாணவர்களில் சுமார் 60 சதவீதத்தினர் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே இந்தியாவில் இத்திட்டத்தின் முதல் வேலை, ஏற்கெனவே நடப்பவர்களுக்குப் பாதுகாப்பான வழியை அமைத்துத் தருவது. வேனிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களை நடக்க அழைப்பது அதற்கு அடுத்தது.

முதல் வேலையைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே 1969-ல் 5 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளில் 48 சதவீதத்தினர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-ல் அது 13 சதவீதமாகிவிட்டது. இழந்த பழக்கத்தை மீட்க அந்நாடு பெரும் பணம் செலவிட வேண்டியிருந்தது. இருக்கிற பழக்கத்தைக் காப்பாற்ற ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

நம்பிக்கை 2: பள்ளி நடக்கிற தூரத்தில் இல்லை.

உண்மை: பல குடும்பங்களுக்கு இது சரி, எல்லாருக்கும் அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட தமிழ்நாட்டு விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு கிலோமீட்டரைச் சிறு பிள்ளை நடந்து கடக்கக் கால் மணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். மூன்று கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்கு ஏற்ற தூரம்.

உண்மையிலேயே தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. பள்ளி வாசல் வரை வண்டியைக் கொண்டுவராமல், அரை கிலோமீட்டருக்கு முன்பே ஒரு மைதானத்திலோ கல்யாண மண்டபத்து வாசலிலோ இறக்கிவிட்டு, அங்கிருந்து கூட்டத்தோடு நடக்கவிடலாம். இதனால் பள்ளி வாசலில் நெரிசலும் குறையும்.

நம்பிக்கை 3: ரோடு இருக்கிற இருப்பில் வண்டியில் கொண்டுபோய் விடுவதுதான் பாதுகாப்பு.

உண்மை: ரோட்டைப் பற்றிய பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகெங்கும் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் சாலை விபத்தே முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்துக்கு விடையாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வண்டி கிளம்பும்போது, காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் ஆபத்து கூடத்தான் செய்கிறது. வாசலை அடைத்து நிற்கும் கார், பின்னோக்கி வரும் வேன், எதிர்ப்பக்கம் நுழையும் ஸ்கூட்டர், இவற்றுக்கு நடுவே புகுந்து ஓடும் பிள்ளை என்று ஒரே நேரத்தில் எல்லாம் கூடுகின்றன. ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தேடிய பாதுகாப்பு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தாகிறது.

இதை உணர்ந்த ஊர்கள் பள்ளித் தெருவுக்குள் வண்டிகளே வராதபடி செய்தன. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-லேயே பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசல் தெருவை மூடியது. லண்டனில் இன்று 500-க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்கள் இப்படி இயங்குகின்றன. தடுப்பைக் காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் இழுத்து வைத்தால் போதும். தெருவாசிகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி விடப்படும்.

கூட்டமாகப் போவதே ஒரு பாதுகாப்பு. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் ஓரிடத்தில் இரட்டிப்பானால், ஒவ்வொருவருக்கும் உள்ள விபத்து அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆய்வாளர் பீட்டர் ஜேக்கப்சன் 2003-ல் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார். கூட்டமாக வருகிறவர்கள் ஓட்டுநரின் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் அந்த நேரத்தில் வருவார்கள் என்பது ஓட்டுநருக்குப் பழகியும் போகிறது.

நம்பிக்கை 4: பிள்ளைகளுக்குச் சாலை விதிகளைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உண்மை: சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்று சரியாகக் கணிக்கும் திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. நிறுத்தியிருக்கும் ஆட்டோவுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் உயரமும் இருக்காது. பிள்ளை தவறு செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

இதில் முதன்மையானது வேகம். ஒரு சாலையில் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65 கிலோமீட்டரில் வரும் கார் மோதினால் நடப்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு. இதனால்தான் மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது.

சாலையைச் சீர்செய்தால் பலன் கிடைக்கும் என்பதை நியூயார்க் நகரம் காட்டியது. அங்கே பாதுகாப்பான பள்ளி வழித் திட்டத்தின் கீழ் நடைபாதை, சிக்னல், வேகத்தடை போன்ற மாற்றங்கள் செய்யப்பட்ட பகுதிகளில், பள்ளி நேரத்தில் நடந்து போன பிள்ளைகள் காயமடையும் விகிதம் 44 சதவீதம் குறைந்தது. மாற்றம் செய்யப்படாத பகுதிகளில் அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2013-ல் வெளியான ஆய்வு இது.

நம்பிக்கை 5: பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது.

உண்மை: தனியாக அனுப்பக் கூடாது என்பதுதான் இத்திட்டத்தின் அடிப்படையே. கேலி, தொல்லை, ஆளில்லாத பாதை ஆகியவை பற்றிய கவலைக்குக் கூட்டமும் துணைக்கு வரும் பெரியவர்களும் நேரடியான விடை. பெண் பிள்ளை ஊரார் கண்ணெதிரே தோழிகளோடு பள்ளிக்குப் போவது எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் என்பதற்கு பீகார் சாட்சி. அங்கே 2006-ல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரும் திட்டம் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் நடத்திய ஆய்வின்படி, அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது.

துணைக்கு வருகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பள்ளிக்குத் தெரிந்தவராக, பெற்றோர் ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும். ஒரு குழுவில் ஒரே ஒருவர் மட்டும் துணையாக இருக்கும்படி விடக் கூடாது.

நம்பிக்கை 6: நடந்து போனால் பிள்ளை களைத்துவிடும், படிப்பு கெடும்.

உண்மை: 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போகக் கால் மணி நேரமும் வரக் கால் மணி நேரமும் வேகமாக நடந்தால் அதில் பாதி கிடைத்துவிடும். டென்மார்க்கில் சுமார் 20,000 மாணவர்களை வைத்து 2012-ல் நடத்தப்பட்ட சோதனையில், நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்கு வந்த பிள்ளைகள் கவனச் சோதனைகளில் சிறப்பாகச் செய்தார்கள். பிள்ளையைக் களைக்க வைப்பது புத்தகப் பையின் எடை. அதைக் குறைக்கப் பள்ளி முன்வர வேண்டும்.

நம்பிக்கை 7: புகை, வெயில், மழை எல்லாம் பிள்ளையின் தலையில்தான்.

உண்மை: ஸ்கூட்டரிலும் திறந்த ஆட்டோவிலும் போகும் பிள்ளையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது. கார்களிலும், முன்னால் போகும் வண்டியின் புகை காற்றுத் துளை வழியே உள்ளே வருகிறது. நடக்கும்போது மூச்சு கூடுதலாக வாங்கும் என்பதால் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். மெயின் ரோட்டைத் தவிர்த்து மரநிழல் உள்ள உள்தெரு வழியாகப் போனால் புகையும் வெயிலும் சேர்ந்தே குறையும். கனமழை நாளில் நடை இல்லை என்பதை முன்பே விதியாக எழுதி வைத்துவிட்டால் குழப்பம் வராது.

நம்பிக்கை 8: அரசாங்கம் பணம் ஒதுக்கினால்தான் தொடங்க முடியும்.

உண்மை: தொடங்கப் பணம் வேண்டாம், வழியும் ஆட்களும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பேச்சை அங்கேயே தொடங்கலாம். முதல் வேலை, எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து எப்படி வருகிறது என்று வகுப்பு வாரியாகக் கைதூக்கச் சொல்லி எண்ணி வைப்பது. அடுத்தது, பெற்றோர் சிலரும் பிள்ளைகள் சிலரும் பள்ளி நேரத்தில் அந்த வழியை நடந்து பார்ப்பது. மூடியில்லாத சாக்கடை, நடைபாதையை அடைத்த கடை, அழிந்துபோன ஜீப்ரா கோடு, நாய்கள் திரியும் முனை, தெருவிளக்கில்லாத சந்து எல்லாவற்றையும் இடத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை அந்த வழியில் வர முடியுமா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும்.

பிறகு ஒரே ஒரு வழியில் நடைப் பேருந்தைத் தொடங்கலாம். கோயில் வாசல், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாருக்கும் தெரிந்த மூன்று நான்கு இடங்கள் நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளியாக இருந்தால், காலை உணவு பரிமாறத் தொடங்குவதற்கு முன் போய்ச் சேரும்படி நேரத்தைக் கணக்கிட வேண்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு; 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் என்றால் மூவருக்கு ஒருவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு உடனே போன் போக வேண்டும். பெற்றோர் முறை வைத்துக்கொண்டால், ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வேலை வராது.

அரசின் பங்கு இதற்கு அடுத்து வருகிறது. நடந்து பார்த்துக் குறித்த பட்டியலை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அத்துறைக்கோ, போக்குவரத்து போலீஸுக்கோ மனுவாகக் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் தொடர வேண்டும். ஐம்பது பிள்ளைகள் தினமும் நடக்கும் வழி என்று எண்ணிக்கையோடு கேட்கும் மனுவுக்கு வலு அதிகம்.

நம்பிக்கை 9: சைக்கிள் கொடுத்தாயிற்று, பிறகென்ன?

உண்மை: தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிந்தது. சைக்கிள் இருக்கிறது. ஓட்டப் பயிற்சி, பாதுகாப்பான வழி, பழுது பார்க்க ஆள், நிழலில் நிறுத்த இடம் ஆகியவற்றைத்தான் ஊர் சேர்க்க வேண்டும். ஜெர்மனியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பயிற்சியும் அதன் முடிவில் தேர்வும் உண்டு. பின்னால் திரும்பிப் பார்ப்பது, கையால் சைகை காட்டுவது, முனையில் நின்று போவது ஆகியவற்றைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கலாம். மாதம் ஒரு முறை பிரேக் கட்டை, செயின், காற்று, பின்பக்க ரிஃப்ளெக்டர் ஆகியவற்றைப் பார்த்துத் தர உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை அழைக்கலாம். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையை எட்ட வேண்டும், விரல் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

பார்சிலோனாவில் 2021 முதல் பிள்ளைகளும் பெற்றோரும் ‘சைக்கிள் பேருந்து’ நடத்துகிறார்கள். எல்லாரும் ஒரே கூட்டமாக, மிக மெதுவாக ஓட்டும் பிள்ளையின் வேகத்திலேயே போகிறார்கள். சைக்கிளுக்குப் பதிலாக, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை உரிமமின்றி ஸ்கூட்டர் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்த வயதுக்கு உரிய வண்டி சைக்கிள்தான்.

நம்பிக்கை 10: ஆண்டுக்கு ஒரு பேரணி நடத்தினால் விழிப்புணர்வு வந்துவிடும்.

உண்மை: பேரணி தொடக்கத்துக்கு உதவும். அமெரிக்காவில் 1997-ல் தொடங்கி, 2000-ல் பல நாடுகளுக்குப் பரவிய ‘பள்ளிக்கு நடக்கும் நாள்’ அக்டோபரில் கொண்டாடப்படுகிறது. பழக்கத்தை மாற்றியவை ஆண்டு முழுதும் நடந்த திட்டங்கள். மரின் கவுண்டியில் இரண்டே ஆண்டுகளில் நடந்து வந்த பிள்ளைகள் 64 சதவீதமும் சைக்கிளில் வந்தவர்கள் 114 சதவீதமும் கூடினார்கள். ஒரே ஒரு பிள்ளையை ஏற்றிவந்த கார்கள் 39 சதவீதம் குறைந்தன. வகுப்பறைப் பாடம், வழி வரைபடம், போட்டிகள், சாலைச் சீரமைப்பு எல்லாம் அங்கே சேர்ந்தே நடந்தன.

தினமும் முடியாத ஊரில் வாரம் ஒரு நாள் என்று தொடங்கலாம்; அந்த நாளை மட்டும் தவறவிடக் கூடாது. பருவத்துக்கு ஒரு முறை மீண்டும் கைதூக்கச் சொல்லி எண்ணி, முதலில் எடுத்த கணக்கோடு ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை கூடிய வழியில் இன்னொரு நிறுத்தத்தைச் சேர்க்கலாம். குறைந்த வழியில் என்ன தடை என்று பிள்ளைகளிடமே கேட்டு, அதைச் சரிசெய்ய வேண்டும்.