மினாங்கபாவ் கம்பத்தில் சொத்தும் சபரும்



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவரை 'மாமாக்' என்று அழைப்பதை எல்லோரும் அறிவோம். கடலுக்கு அக்கரையில், சுமத்ராவின் மேற்குப் பகுதியில் வாழும் மினாங்கபாவ் மக்களிடமும் இதே சொல் வழங்குகிறது. அங்கே அதற்குத் தாய்மாமன் என்று பொருள். அந்தத் தாய்மாமன் சாமானியமானவர் அல்லர். குடும்பச் சொத்தைக் காப்பவரும், மருமக்களுக்கு நல்லது கெட்டது சொல்பவரும் அவரே. நம் பெயரைக் கேட்டால் அவர்களுக்கு மாமன் நினைவு வருகிறது. அவர்களுடைய ஊர்முறையைக் கேட்டால் நமக்குக் கீழக்கரையும் காயல்பட்டினமும் நினைவு வருகின்றன. ஆகவே அந்த மக்களின் வாழ்வையும், சொத்து முறையையும், பயணத்தையும் சற்று அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

மினாங்கபாவ் மக்கள் ஏறத்தாழ எல்லோரும் முஸ்லிம்கள். ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் குலம் தாய்வழியில் செல்கிறது. உலகில் தாய்வழி முறையைக் கைக்கொண்டுள்ள சமூகங்களுள் இதுவே ஆகப் பெரியது என்பர்.

ஊர்

நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் பாரியாங்கான். மேற்குச் சுமத்ராவின் தானா டாத்தார் மாவட்டத்தில், மராப்பி மலையின் தென்சரிவில் இருக்கிறது. ஜாவாவிலுள்ள மெராப்பி வேறு. இந்த மராப்பி வேறு. இதன் உயரம் 2,891 மீட்டர். தங்கள் முன்னோர் இம்மலையிலிருந்து இறங்கி முதன்முதல் குடியேறிய ஊர் பாரியாங்கானே என்று மினாங்கபாவ் மக்களின் பழங்கதை கூறும். கதை எப்படியாயினும், தாய்க்கிராமம் என்ற மரியாதை இவ்வூருக்கு உண்டு. 2012-ல் அமெரிக்கப் பயணப் பத்திரிகை ஒன்று இதை உலகின் அழகிய கிராமங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்ட பின்னரே வெளியார் சிலர் வரலாயினர்.

படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள், நடுவே அடுக்குக் கூரையுள்ள பழைய பள்ளிவாசல், அதன் அருகே மலையிலிருந்து வரும் வெந்நீர் ஊற்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளிப்பிடம் என ஊர் அமைந்திருக்கிறது. எரிமலை மண் வளமானது. நெல் நன்றாக விளையும். அந்த மலையே ஆபத்தும் தரும். 2023 டிசம்பரில் மராப்பி வெடித்தபோது மலையேறியவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டனர். 2024 மே மாதம் பெருமழை எரிமலைச் சாம்பலையும் பாறைகளையும் அடித்துக்கொண்டு வந்ததில், அம்மலையைச் சூழ்ந்த மாவட்டங்களில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

கம்பங்கள் சில சேர்ந்த ஊராட்சியை அவர்கள் 'நகரி' என்கின்றனர். 1979-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் ஜாவா முறையிலான 'டேசா'வைப் புகுத்தியபோது நகரிகள் துண்டு துண்டாயின. பின்னர் 2000-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தால் நகரி முறை திரும்ப வந்தது.

வீடு

அவர்களுடைய குலவீடு 'ரூமா கடாங்' எனப்படும். பெரிய வீடு என்று பொருள். மரத்தால் கட்டி, ஆணிக்குப் பதிலாக மர முளைகளால் இணைத்து, எருமைக் கொம்பு போல் இருபுறமும் நிமிர்ந்த கூரை வேய்வர். முன்பு பனைநார்க் கூரை. இப்போது பெரும்பாலும் தகரம்.

இந்த வீடு பெண்களுக்கு உரியது. தாய், அவளுடைய பெண் மக்கள், பேத்திகள் என்று வரிசையாக வாழ்வர். மணமான பெண்ணுக்கு ஓர் அறை உண்டு. கணவர் அங்கே மரியாதைக்குரிய விருந்தாளி. பழைய நாளில் மாலையில் மனைவி வீட்டுக்கு வந்து, காலையில் தம் தாய்வீட்டு வயலுக்குப் போய்விடுவாராம்.

ஆண்பிள்ளைகளுக்கோ அவ்வீட்டில் அறையே இல்லை. ஏழெட்டு வயதானதும் பையன்கள் சூராவுக்குப் போய்ப் படுப்பார்கள். குர்ஆன் ஓதவும், சிலம்பம் போன்ற 'சீலாட்' வித்தை பழகவும், பெரியோரிடம் பேசவும் அங்கேதான் கற்பார்கள். மனைவியை இழந்த முதியவர்களும், மணவிலக்கானவர்களும் கடைசிக் காலத்தில் தங்குவதும் அந்தச் சூராவில்தான். இன்று பல குடும்பங்கள் தாய் தகப்பன் பிள்ளைகளாகத் தனி வீட்டில் வாழ்கின்றன. பையன்களும் வீட்டிலேயே உறங்குகிறார்கள். ஆனால் சொத்துரிமை இன்னும் அந்தப் பழைய வீட்டையே சுற்றி நிற்கிறது.

வீட்டின் முன்னே நெற்களஞ்சியங்கள் தனித்தனியே நிற்கும். ஒன்றிலுள்ள நெல் அன்றாடச் சாப்பாட்டுக்கு. ஒன்றிலுள்ளது விற்று வேண்டியவை வாங்குவதற்கு. மற்றொன்றிலுள்ளது பஞ்ச காலத்துக்கு. கடை நடத்தும் நாம் கல்லாப் பெட்டி ஒன்றையே வைத்துக்கொண்டு, சரக்குக்கும் சமையலுக்கும் அதிலேயே கைவிடுகிறோம். அவர்களோ நெல்லைக்கூட மூன்றாகப் பிரித்து வைத்தார்கள்.

சொத்து இரண்டு வகை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

முதல் வகை, 'புசாக்கா திங்கி' என்னும் மேலான பரம்பரைச் சொத்து. முன்னோர் காடு வெட்டித் திருத்திய வயல், குலவீடு, வீட்டு மனை ஆகியவை இதில் அடங்கும். இதற்குத் தனி ஒருவர் சொந்தக்காரர் அல்லர். குலத்துப் பெண்கள் அனுபவிப்பார்கள். தாய்மாமன் மேற்பார்வை செய்வார். விற்க ஒருவருக்கும் பாத்தியதை இல்லை.

இரண்டாவது வகை, 'பென்சாரியான்' என்னும் சுயசம்பாத்தியம். ஒருவர் தம் உழைப்பாலும் வியாபாரத்தாலும் தேடியது இது.

நம் கடைக் கணக்கில் சொன்னால் முதலாவது கடையின் முதல், இரண்டாவது லாபம். முதலைத் தின்றால் கடை மூடிப்போகும். லாபத்தை உரியவர்களுக்குப் பங்கிடாவிட்டால் சண்டை வரும்.

பரம்பரை வயலை விற்கக் கூடாது. ஆனால் அவசியம் நேர்ந்தால் ஒத்தி வைக்கலாம். அதற்கும் பழைய வழக்கம் நான்கு காரணங்களையே அனுமதித்தது:

1. வீட்டில் மய்யித்து இருந்து, அடக்கும் செலவுக்குப் பணம் இல்லாமை.
2. குலவீட்டின் கூரை ஒழுகிப் பழுதாகி நிற்றல்.
3. வயது வந்த குமரைக் கட்டிக்கொடுக்க வழி இல்லாமை.
4. குலத் தலைவரின் பட்டம் ஏற்பார் இன்றிக் கிடக்க, அதை மீண்டும் நிலைநாட்டும் செலவு.

கவனியுங்கள். ஒருவருடைய ஆடம்பரத்துக்கோ, சூதாட்டக் கடனுக்கோ இதில் இடம் இல்லை. நான்கும் குடும்பம் முழுவதையும் சேர்ந்த காரியங்கள்.

ஆயினும் ஒத்தியில் ஒரு சிக்கல் உண்டு. பணம் திரும்பும்வரை கொடுத்தவரே வயலின் விளைச்சலை அனுபவிப்பார். கடன் தொகையோ குறையாது. இதில் வட்டியின் சாயல் இருக்கிறது என்று மார்க்க அறிஞர்கள் கண்டித்தார்கள். 1960-ல் இந்தோனேசிய அரசாங்கம் சட்டம் செய்து, ஏழு ஆண்டுகள் ஒத்தியில் இருந்த விளைநிலத்தைப் பணம் கேளாமல் திருப்பித் தரவேண்டும் என்றது.

மார்க்கமும் வழக்கமும்

வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: "திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் பாகப்பிரிவினை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க, மகனை விட்டுவிட்டுச் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துப் போவது எப்படிச் சரியாகும்?"

இக்கேள்வியை நம்மைவிட உரக்கக் கேட்டவர்கள் மினாங்கபாவ் ஆலிம்களே. 1803-ல் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய மூவர் சீர்திருத்தம் தொடங்கினர். அது பத்ரி யுத்தமாக மூண்டு, டச்சுக்காரர் உட்புகுந்து, 1837-ல் இமாம் போஞ்சோல் பிடிபடும்வரை நடந்தது. அந்தக் காலத்தில் மார்க்கமும் வழக்கமும் சமாதானமாயின. வழக்கம் ஷரீஅத்தின்மேல் நிற்க வேண்டும், ஷரீஅத் வேதத்தின்மேல் நிற்கும் என்பது அம்மக்களின் ஒப்பந்த வாக்காயிற்று.

சொத்துக் கேள்வி மட்டும் தீரவில்லை. மக்கமா நகரில் ஷாஃபி இமாமாக விளங்கிய மினாங்கபாவ் பெரியார் ஷைகு அஹ்மது கத்தீப் (1860–1916), இம்முறை ஃபராயிலுக்கு மாறானது, அபகரிப்பு என்று கடுமையாக எழுதினார். அவருடைய மாணவர் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் (1879–1945) வேறு கருத்துக் கொண்டார். பரம்பரைச் சொத்து யாருக்கும் தனியுடைமை இல்லை. ஆகவே ஒருவர் மௌத்தாகும்போது அது அவர் விட்டுச்சென்ற பொருள் ஆகாது. வக்ஃபைப் போன்றது என்றார்.

இவ்விரு கருத்துகளிலும் உள்ள நியாயத்தை நாம் பார்க்க வேண்டும். ஃபராயில் பங்கிடுவது மௌத்தானவருக்குச் சொந்தமானதை மட்டுமே. குலத்தின் பொது வயல் அவருக்குச் சொந்தம் அல்ல என்றால் பங்கிட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கடை வைத்துச் சம்பாதித்த பணத்தையும் மருமகன் எடுத்துக்கொண்டால், அது அவருடைய பிள்ளைகளின் ஹக்கைப் பறிப்பதே.

1952 மே மாதம் புக்கிட்டிங்கி நகரில் ஆலிம்களும், குலத் தலைவர்களும், கற்றோரும் கூடி முடிவு செய்தார்கள். பரம்பரைச் சொத்து வழக்கப்படி செல்லும். சுயசம்பாத்தியம் ஃபராயில்படி பங்காகும். 1968-ல் பாடாங்கில் நடந்த வாரிசுச் சட்ட மாநாடும் இதையே உறுதிப்படுத்தியது.

முடிவு நல்லதே. ஆனால் தொல்லை எங்கே வருகிறதென்றால், இரண்டும் கலந்துவிடும்போதுதான். ஒருவர் சம்பாதித்த பணத்தில் மனைவியின் குலமனையில் வீடு கட்டுகிறார். மணவிலக்கானால் கையில் ஒரு பெட்டியோடு வெளியேறுகிறார். இன்னொருவர் வாங்கிய நிலம் பங்கிடப்படாமலே இரண்டு தலைமுறை கிடக்கிறது; மூன்றாம் தலைமுறையில் அது பரம்பரைச் சொத்தா, சுயசம்பாத்தியமா என்று சொல்ல ஆள் இல்லை. கோர்ட்டு வாசலே மிஞ்சும்.

அம்ருல்லாஹ்வின் மகனார் ஹம்கா (1908–1981) இம்முறையைத் துணிந்து விமர்சித்தார். 1938-ல் தொடராக வந்த அவருடைய 'வான் டெர் வைக் கப்பல் மூழ்கியது' என்னும் நவீனத்தின் நாயகனுக்குத் தகப்பன் மினாங்கபாவ், தாய் வேற்றூர்க்காரி. ஆகையால் தகப்பன் ஊரில் அவன் அந்நியன். ஒரு வழக்கம் எவ்வளவு அழகியதாயினும், அதனால் கண்ணீர் விடுபவர் ஒருவர் இருப்பார் என்பதை அக்கதை காட்டுகிறது.

சபர்

வீட்டில் அறை இல்லாத வாலிபன் என்ன செய்வான்? ஊரை விட்டுப் புறப்படுவான். இதை 'மெரந்தாவ்' என்பர். நம் சபருக்குச் சமமான சொல். பணம், கல்வி, அனுபவம் தேடிப் போய்த் திரும்புவது ஆண்மைக்கு அடையாளம். இந்தோனேசியாவின் எந்த நகரத்திலும் பாடாங் சாப்பாட்டுக் கடை இருப்பதற்கு இதுவே காரணம். துணி வியாபாரத்திலும் தையலிலும் அவர்கள் பேர்போனவர்கள்.

அந்தச் சபர் நம் பக்கமும் வந்தது. நெகிரி செம்பிலானில் மினாங்கபாவ் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குடியேறினர். 1773-ல் பகாருயோங்கிலிருந்து ராஜா மெலேவார் அங்கே அரசராக வந்தார். தாய்வழிக் குலநிலத்தைக் காக்க 1909-ல் அங்கே தனிச் சட்டமும் செய்யப்பட்டது.

சபர் போனவர்கள் ஊரை மறப்பதில்லை. பெருநாளைக்குக் கூட்டமாக ஊர் திரும்புவதும், பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்புவதும் வழக்கம். நம் சபராளிகள் செய்வதும் இதுவே அல்லவா?

போய்ப் பார்க்க விரும்புவோருக்கு

கோலாலம்பூரிலிருந்து பாடாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம். அங்கிருந்து பாரியாங்கான் ஏறத்தாழ நூறு கிலோ மீட்டர். மலைப்பாதையாதலால் மூன்று மணி நேரம் பிடிக்கும். வழியிலுள்ள லெம்பா ஆனாய்ப் பள்ளத்தாக்கில் 2024 மே வெள்ளம் சாலையையே அரித்துப் போயிற்று, பிறகு சீர்செய்தார்கள். மழைக்காலத்தில் சாலை நிலையை விசாரித்தே புறப்பட வேண்டும். பாடாங் பாஞ்சாங் நகரில், ரஹ்மா அல்யூனுஸிய்யா அம்மையார் 1923-ல் பெண்களுக்காகத் தொடங்கிய தீனிய்யாப் பள்ளியைப் பார்க்கலாம். மலாயாவிலிருந்தும் பெண்கள் போய் அங்கே ஓதினார்கள்.

சாப்பாட்டுக் கடையில் பல தட்டுகளை மேசைமேல் அடுக்குவார்கள், பயப்பட வேண்டாம். உண்டதற்கே விலை. ஊரில் இரவு குளிரும். கம்பளிச் சட்டை வேண்டும். குலவீட்டுக்குள் அழைப்பின்றி ஏறக் கூடாது.

இன்னும் ஒன்று. ஊர் அழகில் மயங்கி நிலம் வாங்க எண்ணுவோர் உண்டு. 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. உள்ளூர்க்காரர் பெயரில் மறைமுகமாக வாங்கினால் அது செல்லாது. நிலம் அரசாங்கத்துக்குப் போகும். கொடுத்த பணமும் திரும்பாது. மேலும் குலநிலமாயின் விற்கிறவருக்கே விற்க உரிமை இராது.

நமக்குள்ள பாடம்

நம் கடலோர ஊர்களிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வரும் வழக்கம் உண்டு. ஆண்கள் கடல் கடந்து சம்பாதிக்க, பெண்கள் வீட்டைக் கட்டிக் காத்தார்கள். பெண்ணுக்குக் கூரை உறுதி என்பது இதன் நன்மை. ஆனால் கணக்கு எழுதாமல் போவது நம்மிடமும் உள்ள குறை.

ஆகவே ஹயாத்தோடு இருக்கும்போதே மூன்று காரியம் செய்வோம். ஒன்று: பூர்வீகச் சொத்து எது, சுயசம்பாத்தியம் எது, மனைவிக்கோ மகளுக்கோ கொடுத்துவிட்டது எது என்று தனித்தனியே எழுதிச் சாட்சி வைப்போம். இரண்டு: கடன், மஹர் பாக்கி, கூட்டாளியின் பங்கு ஆகியவற்றைக் குறித்து வைப்போம், பங்கீட்டுக்கு முன் இவையே தீரவேண்டும். மூன்று: வாரிசு அல்லாத மருமக்களுக்கோ தர்மத்துக்கோ கொடுக்க விரும்பினால் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்துச் செய்வோம். மீதியில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் உள்ள பங்கு அல்லாஹ் வைத்தது. அதை வழக்கத்தின் பெயரால் குறைக்க நமக்கு அதிகாரம் இல்லை.

மினாங்கபாவ் பெரியோர்கள் ஒன்றரை நூற்றாண்டு வாதாடி, கடைசியில் ஒரே சபையில் அமர்ந்து முதலையும் லாபத்தையும் பிரித்தார்கள். நமக்கு அவ்வளவு காலம் வேண்டாம். இன்றிரவு கடை சாத்திய பின், ஒரு தாளும் பேனாவும் போதும்.