சிறிய வண்டியின் பெருமை

நகரத் தெருவில் செல்லும் வண்டிகளைச் சற்று நின்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அங்கே விரைவு என்பது பொறியின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்ல பெரிய வண்டியும் நாற்சந்தியில் நின்றே தீரவேண்டும். முன்னுள்ள வண்டி நகர்ந்தாலன்றித் தான் நகர இயலாது. ஒருவர் கடைவீதிக்குச் சென்றுவர ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள காரைச் செலுத்துகிறார் எனின், நின்று புறப்படும்போதெல்லாம் அவ்வளவு எடையையும் நகர்த்துவதற்கு எரிபொருள் செலவாகிறது. ஆதலின், நகரில் இயங்கும் வண்டிக்கு மிகுந்த வலிமையைக் காட்டிலும் எடைக்குறைவும் எளிமையுமே சிறந்த பண்புகளாம். இதனை நன்குணர்ந்து செய்யப்பெற்ற வண்டி ஒன்றின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றபோது ஜப்பானிய நகரங்கள் பல அழிந்து கிடந்தன. புகைவண்டிகளில் நெருக்கடி மிகுந்தது, பெட்ரோலும் அரிதாயிற்று. அக்காலத்தில் ஹமமத்சு நகரில் வாழ்ந்தவர் சோயிச்சிரோ ஹோண்டா. கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் ஆக்கப் படையினர் பயன்படுத்திய சிறு பொறிகள் போருக்குப்பின் எஞ்சியிருந்தன. அவர் அவற்றைத் தேடிப்பெற்று 1946-இல் மிதிவண்டிகளில் பொருத்தினார். மக்கள் அவற்றை விரும்பி வாங்கினர். 1948-இல் அவர் தம் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டில் தக்கேயோ ஃபுஜிசாவா அவருடன் இணைந்தார். முன்னவர் பொறி நுட்பத்தில் வல்லவர். பின்னவர் வாங்குவோரின் தேவை அறிந்தவர்.

இருவரும் 1956-இல் ஐரோப்பா சென்று, அங்கு மக்கள் ஊர்ந்துசென்ற சிறு வண்டிகளை ஆராய்ந்தனர். ஆயினும் அவற்றை அவ்வாறே பின்பற்றுதல் பொருந்துவதாயில்லை. ஜப்பானில் அந்நாளில் பெரும்பாலான சாலைகள் செப்பனிடப்படாதவை. மேலும், உணவுக்கடைப் பணியாளர் ஒரு கையில் உணவுத் தட்டுகளை ஏந்தி, மறு கையால் மிதிவண்டியைச் செலுத்திச் சென்று வீடுகளுக்கு உணவு வழங்குவது அங்கு வழக்கம். அத்தகையோர் ஒற்றைக் கையால் ஓட்டத்தக்கதாகவும், பெண்டிர் தயக்கமின்றி ஏறத்தக்கதாகவும் வண்டி அமையவேண்டும் என்று அவர்கள் கருதினர்.

அக்கருத்தின் பயனாக 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'சூப்பர் கப்' வெளிவந்தது. அதன் பொறியின் கொள்ளளவு 49 கன செண்டிமீட்டரே; அஃதாவது, ஓர் ஆழாக்கில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. எனினும் அது 4.5 குதிரைத்திறன் அளித்தது. அக்காலச் சிறு வண்டிகள் பலவற்றில் பெட்ரோலுடன் எண்ணெயும் கலந்து எரித்துப் புகை கக்கும் இருவீச்சுப் பொறியே இருந்தது. இதிலோ எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் நான்குவீச்சுப் பொறி அமைந்தது.

அதனினும் சிறப்புடையது அதன் கிளட்ச். அதனைக் கையால் இயக்க வேண்டுவதில்லை. பொறியின் சுழற்சி விரையும்போது மையவிலக்கு விசையால் அது தானே பற்றிக்கொள்ளும். காலால் மிதித்தால் கியர் மாறும். இவ்வாறு பணியாளரின் இடக்கை விடுதலை பெற்றது! இருக்கைக்கு முன்னே சட்டம் தாழ்ந்திருந்தமையால் ஏறுவது எளிதாயிற்று. காலில் சேறும் காற்றும் படாதவாறு பிளாஸ்டிக் தகடு காத்தது. 17 அங்குலச் சக்கரங்கள் மேடுபள்ளங்களைக் கடந்தன. விலை 55,000 யென்.

கடைக்காரரும் அஞ்சற்காரரும் செய்தித்தாள் வழங்குவோரும் இவ்வண்டியை ஏற்றுக்கொண்டனர். பின்னர் அது கடல் கடந்தும் பரவிற்று. வியத்நாமில் எந்த நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளையும் 'ஹோண்டா' என்றே மக்கள் அழைக்குமளவு அப்பெயர் ஊன்றிற்று. 2017 அக்டோபரில் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது.

ஆயினும் சிறியதென்பதால் அதற்குக் குறையே இல்லை என்று எண்ணலாகாது. காரைப்போல ஓட்டுபவரைச் சுற்றிக் காக்கும் கூடு அதற்கு இல்லை. தலைக்கவசமின்றிச் செல்வது உயிருக்கே கேடாகும். ஒரு வண்டியின் புகை சிறிதாயினும், இலட்சக்கணக்கான வண்டிகள் ஒருங்கே ஓடினால் அது நகரத்தார் அனைவரின் மூச்சையும் தாக்கும். ஜப்பானில் புகை பற்றிய விதிகள் கடுமையாயின. அவற்றிற்கேற்ப அச்சிறு பொறியை மாற்றுதல் எளிதாக இல்லை. ஆகவே 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் 50 கன செண்டிமீட்டர் வகை சூப்பர் கப்பின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அப்பொறி ஓய்வு பெற்றது.

பொறி ஓய்வுற்றாலும் அதனை ஆக்கிய கருத்து ஓய்வுறவில்லை. 'எத்துணைப் பெரிய வண்டியைச் செய்ய முடியும்?' என்று அவர்கள் முதலில் வினவவில்லை. 'உழைப்பாளிக்கு எத்தகைய வண்டி வேண்டும்?' என்றே வினவினர். நாளைய நகரங்களில் ஓடும் வண்டி மின்சாரத்தால் இயங்கினும் வேறொன்றால் இயங்கினும், அதனை ஆக்குவோர் இவ்வினாவையே முதலில் எழுப்புதல் வேண்டும். தேவையறிந்து செய்யப்பட்ட சிறிய பொருள், தேவைக்கு மிஞ்சிய பெரிய பொருளினும் மிகுந்த பயன் தரும்.