காஞ்சியும் வாதாபியும்

ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்னும் பெயர்களைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது அவற்றின் பகைமையே. ஒரு நகரம் கடலையும் கலையையும் நம்பி வாழ்ந்தது. மற்றொன்று தரைப்படையையும் கடும் கட்டுப்பாட்டையும் நம்பி வாழ்ந்தது. கி.மு. 480இல் பாரசீகப் பேரரசன் படையெடுத்து வந்தபோது தோளோடு தோள் நின்ற இவ்விரு நகரங்களும் கி.மு. 431 முதல் 404 வரை ஒன்றையொன்று ஒடுக்கப் போரிட்டன. முடிவில் ஸ்பார்ட்டா வென்றது. அந்த வெற்றி நாற்பது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. கி.மு. 371இல் லியூக்ட்ரா என்னுமிடத்தில் தீப்ஸ் நகரத்தார் ஸ்பார்ட்டாவை முறியடித்தனர். கி.மு. 338இல் வடக்கிலிருந்து மாசிடோனிய மன்னன் பிலிப் வந்தான். ஏதென்ஸும் தீப்ஸும் சேர்ந்து நின்றும் அவனைத் தடுக்க இயலவில்லை.

எங்கோ கடல் கடந்து நடந்த கதை, நமக்கென்ன என்று தோழியர் கேட்கலாம். ஆனால் பெருங்குடியில் நம் பள்ளிக்கு அருகே ஓடும் சாலையின் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ராஜீவ் காந்தி சாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும், நம் பெற்றோரும் பேருந்து நடத்துநரும் அதைப் பழைய மாமல்லபுரம் சாலை என்றே சொல்கின்றனர். அந்த மாமல்லன் யார்? காஞ்சியில் இருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன். அவனுடைய பகைவன் யார்? வாதாபியில் இருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் இருபத்தேழு ஆண்டுகள் போரிட்டன என்றால், காஞ்சியும் வாதாபியும் இடைவெளி விட்டு விட்டு ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் போரிட்டன!

ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காஞ்சியும் வாதாபியும் ஏதென்ஸைப் போலக் குடிமக்கள் கூடி வாக்களித்து ஆண்ட நகர அரசுகள் அல்ல. அவை பேரரசர்களின் தலைநகரங்கள். எனினும் இரண்டு நகரங்களின் பகை இரண்டு நாடுகளையும் எவ்வாறு தேய்த்தது என்பதைப் பார்க்கும்போது ஒற்றுமை நன்கு விளங்கும்.

வாதாபி இன்று பாதாமி எனப்படும் ஊர். கர்நாடக மாநிலத்தில் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. செந்நிற மணற்கல் குன்றுகள் இரண்டு, அவற்றின் நடுவே ஓர் ஏரி. கி.பி. 543இல் முதலாம் புலிகேசி அங்கே கோட்டை அமைத்தான். அவனுடைய பேரன் இரண்டாம் புலிகேசி, நர்மதை ஆற்றங்கரையில் வட இந்தியப் பேரரசன் ஹர்ஷனையே தடுத்து நிறுத்தியவன். அத்தகையவனுக்குத் தெற்கே காஞ்சி ஒரு முள்ளாக இருந்தது. காஞ்சியில் அப்போது ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் சிற்பமும் இசையும் நாடகமும் அறிந்தவன். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தைத் தானே எழுதியவன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவையின்றிப் பாறையைக் குடைந்து கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டும் வைத்தான். நமக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில்கூட அவனுடைய பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை ஒன்று உண்டு.

புலிகேசியின் படை காஞ்சியை நோக்கி வந்தது. பிறகு என்ன நடந்தது? இங்கேதான் வரலாறு சுவையாகிறது. ஐஹொளெ என்னும் ஊரில் கி.பி. 634இல் இரவிகீர்த்தி என்னும் புலவர் பாடிப் பொறித்த கல்வெட்டு, புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னனின் ஒளி மங்கியது என்றும், அவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்றும் கூறுகிறது. பல்லவரின் காசாக்குடிப் பட்டயமோ, காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் முதன்மையான பகைவர்களை அழித்தான் என்று பெருமைப்படுகிறது. பகைவரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. இருவரும் வென்றதாகச் சொன்னால் தோற்றவர் யார்? எம் வகுப்பில் இதைப்பற்றி ஒரு பிற்பகல் முழுவதும் வாதிட்டோம். படை மதில்வரை வந்திருக்க வேண்டும், மதிலுக்குள் நுழைய முடியாமல் திரும்பியிருக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. இரண்டு கூற்றும் அப்படியானால் பொய்யில்லை; இரண்டும் பாதி மட்டும் சொல்கின்றன. கிரேக்கர்களுக்குத் தூசிடைடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் கிடைத்தார். ஏதென்ஸின் படைத்தலைவராக இருந்து, நாடு கடத்தப்பட்டு, இருபுறத்துச் செய்தியையும் கேட்டு எழுதியவர் அவர். நமக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. புகழ்பாடும் கல்வெட்டையும் பட்டயத்தையும் அருகருகே வைத்து நாமேதான் உண்மையைத் தேட வேண்டியிருக்கிறது.

புலிகேசி மீண்டும் வந்தான். இம்முறை காஞ்சியில் இருந்தவன் மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் அவன் புலிகேசியைத் தோற்கடித்தான். இவற்றுள் மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே, நாம் ஒரு காலைப்பொழுதில் போய்வரக்கூடிய ஊர்! நர்மதைக் கரையில் ஹர்ஷனைத் தடுத்தவனுடைய படை, தாம்பரத்துக்குப் பக்கத்தில் புறங்காட்டி ஓடியது. ஓடியவன் முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மன் ‘வெற்றி’ என்னும் சொல்லை எழுதினான் என்று கூரம் பட்டயம் பாடுகிறது.

நரசிம்மன் அத்துடன் நிற்கவில்லை. கி.பி. 642இல் பல்லவர் படை வாதாபிக்கே சென்று நகரைக் கைப்பற்றியது. புலிகேசியின் ஆட்சி அத்தோடு முடிந்தது. வாதாபி என்னும் அசுரனை அகத்தியர் அழித்ததுபோல வாதாபி நகரை நரசிம்மன் அழித்தான் என்று பல்லவப் பட்டயம் சிலேடை பேசுகிறது. பாதாமிப் பாறையில் அவன் வெட்டுவித்த கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்றும் உள்ளது. பரஞ்சோதி என்னும் படைத்தலைவர் வாதாபியை அழித்துப் பெரும்பொருள் கொண்டுவந்தார் என்றும், பிற்காலத்தில் சிறுத்தொண்டர் என்னும் அடியாராக வாழ்ந்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்த தோழியர்க்கு இவையெல்லாம் பழகிய பெயர்கள். அக்கதையில் வரும் சிவகாமியும் நாகநந்தியும் கற்பனை மாந்தர் என்பதை மட்டும் தேர்வு எழுதும்போது மறந்துவிடாதீர்கள்!

இப்போர் நடந்த அதே ஆண்டுகளில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் தென்னாடு வந்தார். காஞ்சி மக்கள் உண்மையை மதிப்பவர்கள், கல்வியை விரும்புபவர்கள் என்று அவர் எழுதினார். புலிகேசியின் நாட்டு மக்கள் உதவியை மறவாதவர்கள், அவமதிப்பை மன்னியாதவர்கள். போருக்குமுன் யானைகளுக்கு மது ஊட்டுவார்கள் என்றார். தோற்று வந்த படைத்தலைவனுக்கு வேறு தண்டனை இல்லையாம்; பெண்கள் அணியும் உடையைக் கொடுத்துவிடுவார்களாம்! அந்த அவமானம் தாங்காமல் அவன் உயிரை மாய்த்துக்கொள்வானாம். பெண்ணின் உடை எவ்வாறு தண்டனையாகும் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தலைநகரம் வீழ்ந்தால் பகை முடியும் என்று நினைத்தால் அது தவறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் குழப்பத்தில் கிடந்த சாளுக்கிய நாட்டைப் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் கி.பி. 655 அளவில் மீட்டெடுத்தான். தந்தை பட்ட அவமானம் அவன் நெஞ்சில் இருந்தது. கி.பி. 674இல் அவன் காவிரியின் தென்கரையில் உறையூரில் பாசறை அமைத்திருந்ததை அவனுடைய கத்வால் பட்டயத்திலிருந்து அறிகிறோம். அதாவது பல்லவ நாடு முழுவதையும் கடந்து வந்துவிட்டான்! பின்னர்ப் பெருவளநல்லூரில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அவனை முறியடித்தான். இலட்சக்கணக்கான படையுடன் வந்தவன் ஒரு கந்தையை மட்டும் சுற்றிக்கொண்டு ஓடினான் என்கிறது கூரம் பட்டயம். பட்டயக்காரர்களின் இலட்சத்தை நாம் அப்படியே எண்ண வேண்டியதில்லை. ஆனால் படை சென்ற வழியில் இருந்த சிற்றூர்களின் நெல்லும் மாடும் என்ன ஆயின என்று ஒரு பட்டயமும் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டிய செய்தி.

பரமேசுவரவர்மனின் மகன் இராசசிம்மன் காலத்தில் ஓரளவு அமைதி நிலவியது. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் அப்போதுதான் எழுந்தது. அதன் வளாகத்தில் உள்ள சிறுகோயில்களுள் ஒன்றை ரங்கபதாகை என்னும் அரசி கட்டுவித்தாள் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பிறகு கி.பி. 733இல் வாதாபியில் இரண்டாம் விக்கிரமாதித்தன் பட்டமேறினான். அவன் காஞ்சியின் மேல் படையெடுத்து நகருக்குள் நுழைந்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் தன் முன்னோரின் நகரை அழித்தவர்களின் நகரம் இப்போது அவன் கையில்! அவன் என்ன செய்திருக்க வேண்டும்?

அவன் காஞ்சியை அழிக்கவில்லை. இராசசிம்மன் கட்டிய கோயிலுக்குள் சென்று அங்கிருந்த செல்வத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்தப் பொற்குவியலைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தணருக்கும் ஏழைகளுக்கும் கொடை வழங்கினான். இதை அவன் மகன் வெளியிட்ட வக்கலேரிப் பட்டயம் கூறுகிறது. அது மகன் தந்தையைப் புகழ்ந்ததுதானே என்று நாம் ஐயப்படலாம். ஆனால் கைலாசநாதர் கோயில் முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் அவன் வெட்டுவித்த கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கோயில் சிதையாமல் நிற்பதே அதற்குச் சாட்சி. பல்லவர் மீண்டும் காஞ்சியில் நிலைபெற்று ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆண்டனர். பகைவன் பெயர் பொறித்த அந்தக் கல்வெட்டைச் செதுக்கி எறிய அவர்களுக்கு ஓர் உளியும் ஒரு நாளும் போதுமே! ஏனோ அவர்கள் அதைச் செய்யவில்லை. விக்கிரமாதித்தனின் பெருந்தன்மையைப் பாராட்டும் நூல்கள் பல உள்ளன. அந்த எழுத்துகளை விட்டுவைத்த பல்லவரையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கிரேக்க வரலாற்றிலும் இதையொத்த ஒரு நாள் உண்டு. கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தபோது, அதை அடியோடு அழிக்க வேண்டும் என்று கொரிந்தியரும் தீப்ஸ் நகரத்தாரும் கோரினர். ஸ்பார்ட்டா மறுத்தது. கிரேக்க நாட்டுக்குப் பேராபத்து வந்த காலத்தில் பெருந்தொண்டு செய்த நகரத்தை அழிக்கமாட்டோம் என்றது. குழலிசை முழங்க மதில்கள் மட்டும் இடிக்கப்பட்டன. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் பாடம் சொன்னது, இவ்வாறு விட்டுவைக்கப்பட்ட ஏதென்ஸில்தான்.

காஞ்சியை விட்டுவைத்ததால் விளைந்ததும் சிறிதன்று. விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி, தன் கணவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல் என்னும் ஊரில் பெருங்கோயில் ஒன்றைக் கட்டுவித்தாள். இன்று அது விரூபாட்சர் கோயில் எனப்படுகிறது. அவளுடைய தங்கையும் சக அரசியுமான திரைலோக்கிய மகாதேவி பக்கத்திலேயே மற்றொன்றைக் கட்டுவித்தாள். விரூபாட்சர் கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்டன் என்பதும், தென்திசைச் சிற்பி சருவசித்தி ஆசாரி என்பதும் அங்குள்ள கல்வெட்டுகளில் உள்ளன. அரசர் பெயர்களே நிறைந்த கல்வெட்டுகளில் கைவினைஞர் பெயரைக் காண்பது எத்துணை மகிழ்ச்சி! காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சாயல் அக்கோயிலில் தெளிவாகத் தெரிகிறது என்று கலை அறிஞர்கள் கூறுகின்றனர். வெற்றிச் சின்னம் என்று பெயர். ஆனால் தோற்றவரின் கலைக்குச் செய்த வணக்கமாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

இதற்குள் இரு அரசுகளும் களைத்துப் போயிருந்தன. வாதாபியின் கண்கள் காஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுக்குக் கீழ் இருந்த இராஷ்டிரகூடர் வலிமை பெற்றனர். கி.பி. 753 அளவில் தந்திதுர்க்கன் சாளுக்கியரை வீழ்த்தினான். விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்து அப்போது இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை! தந்திதுர்க்கனுக்குப் பின் வந்த முதலாம் கிருஷ்ணன் எல்லோராவில் ஒரே மலையைக் குடைந்து கைலாசநாதர் கோயிலை உருவாக்கினான். அது பட்டடக்கல் கோயிலின் சாயலைக் கொண்டது. இவ்வாறு காஞ்சியின் வடிவம் பகைவர் வழியாகவே பட்டடக்கல்லுக்கும், அங்கிருந்து எல்லோராவுக்கும் சென்றது.

பல்லவர் மேலும் நூறாண்டுகளுக்குமேல் தாக்குப்பிடித்தனர். தெற்கே பாண்டியர் ஓயாமல் நெருக்கினர். கி.பி. 850 அளவில் விசயாலயன் என்னும் சோழன் தஞ்சையைப் பிடித்தபோது, அதை யாரும் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். கி.பி. 880 அளவில் திருப்புறம்பியத்தில் பல்லவருக்கும் பாண்டியருக்கும் பெரும்போர் மூண்டது. அங்கே பல்லவன் அபராசிதனுக்குத் துணையாக நின்றான் விசயாலயனின் மகன் ஆதித்தன். சில ஆண்டுகளில் அதே ஆதித்தன், யானைமேல் இருந்த அபராசிதன்மீது பாய்ந்து அவனைக் கொன்று தொண்டை நாட்டைத் தனதாக்கிக்கொண்டான்.

அதன்பின் காஞ்சி சோழருக்கும், அவர்களுக்குப் பின் விசயநகரத்தாருக்கும் உரிய நகரமாயிற்று. இன்றும் அங்கே கோயில் மணி ஒலிக்கிறது, பட்டுத்தறி ஓடுகிறது. பாதாமி ஏரியும் குடைவரைகளும் கொண்ட சிறிய ஊராக இருக்கிறது. பட்டடக்கல் 1987ஆம் ஆண்டிலும், மாமல்லபுரம் அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக 1984ஆம் ஆண்டிலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.